சிங்கப்பூர்ப் பேருந்து நிறுத்தங்கள்: வரைபடத்தில் தெரிகின்றன, தரவாகக் கைக்கு வரவில்லை

தேக்கா வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டம் ஒரு முறை நூலகத்திலும் மறுமுறை ஏதேனும் ஒரு சமூக மன்றத்திலுமாக இடம் மாறி மாறி நடக்கிறது. வருபவர்களில் பாதிப் பேர் 60 வயதைக் கடந்தவர்கள் என்பதால், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், எந்தப் பேருந்து அங்கே வரும் என்று கேட்டு முதல் நாள் இரவு வரை தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருக்கும். இதற்கு ஒரு முடிவு கட்டலாம் என்று, கூட்ட இடத்தைச் சுற்றி 400 மீட்டருக்குள் உள்ள பேருந்து நிறுத்தங்களை வரைபடத்தில் காட்டி, அருகிலேயே அவற்றின் பட்டியலையும் தரும் சிறிய இணையப் பக்கம் ஒன்றை எழுதத் தொடங்கினேன்.

கூகுள் மேப்ஸின் ஜாவாஸ்கிரிப்ட் ஏபிஐயில் (நம் நிரல் பிறருடைய சேவையைக் கேட்டுப் பயன்படுத்தும் வழி) டிரான்சிட் லேயர் என்று ஒன்று இருப்பதைப் பார்த்து, அதை இயக்கினேன். எம்ஆர்டி ரயில் தடங்கள் அழகாக வந்தன. ஆனால் அந்த அடுக்கிடம் நிறுத்தங்களின் பெயர்களையும் ஆயத்தொலைவுகளையும் கேட்டு வாங்க எந்த வழியும் எனக்குத் தென்படவில்லை. கண்ணுக்கு முன்னால் திரையில் இருக்கும் ஒன்றை என் நிரலால் ஏன் எடுக்க முடியவில்லை? நான் முழுநேர நிரலர் அல்லன். ஓய்வு நேரத்தில் கற்றுக்கொண்டவன். பிழை என்னுடையதாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

பழைய நிரலர் எழுதியது:

பிழை உங்களுடையது அன்று. டிரான்சிட் லேயர் என்பது வரைபடத்தின் மேல் போக்குவரத்துத் தடங்களை வரைந்து காட்டுவதற்கு மட்டுமே உள்ளது. அதை இயக்கலாம், நிறுத்தலாம். அதற்கு மேல் அதனிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. தரவு வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் பிளேஸஸ் ஏபிஐயில் அருகிலுள்ளவற்றைத் தேடும் வசதி இருக்கிறது. இட வகையைப் பேருந்து நிறுத்தம் என்று கொடுத்து, மையப் புள்ளியையும் ஆரத்தையும் தந்தால் விடை வரும்.

திசைமானி எழுதியது:

பழைய நிரலர் ஐயா சொன்ன வழி வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை, ஆனால் இந்தத் தேவைக்கு அது பொருந்தாது என்றே நினைக்கிறேன். அந்த ஏபிஐயின் புதிய பதிப்பு ஒரு தேடலுக்கு அதிகபட்சம் 20 இடங்களைத்தான் தரும், அடுத்த பக்கம் என்பதே அதில் கிடையாது. பழைய பதிப்பில் பக்கத்திற்கு 20 வீதம் மூன்று பக்கங்களில் 60 வரை பெறலாம். 400 மீட்டர் வட்டத்திற்கு 20 போதும் என்று தோன்றலாம். ஆனால் சாலையின் இரு பக்கங்களிலும் தனித்தனி நிறுத்தங்கள் இருக்கும் நகர மையத்தில் அந்த எண்ணிக்கை எப்போது எட்டப்பட்டது, எது விடுபட்டது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இரண்டாவது தடை, சேமித்து வைக்கும் உரிமை. இடத்தின் அடையாள எண்ணை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அட்சரேகை தீர்க்கரேகையை 30 நாள்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது அவர்களுடைய விதி. அந்தத் தகவலை வேறொருவருடைய வரைபடத்தின் மேல் காட்டவும் அனுமதி இல்லை. மாதம் ஒருமுறை நடக்கும் கூட்டத்திற்காக ஒவ்வொருவர் பக்கத்தைத் திறக்கும்போதும் கட்டணக் கணக்கில் ஒரு தேடல் ஏறுவது வீண்.

சிங்கப்பூரைப் பொறுத்தவரை இவ்வளவு சுற்றிப் போக வேண்டிய தேவையே இல்லை. நிறுத்தங்களுக்கு எண் கொடுத்து, பலகை நட்டு, பராமரிக்கும் நிலப் போக்குவரத்து ஆணையமே, டேட்டாமால் என்ற தன் தளத்தின் வழியாக 2011 முதல் தரவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. பதிவு செய்தால் ஓர் அக்கவுண்ட் கீ (ஒவ்வோர் அழைப்பிலும் சேர்க்க வேண்டிய இரகசியக் குறி) மின்னஞ்சலில் வரும், கட்டணம் இல்லை. பேருந்து நிறுத்தங்களுக்கான அட்டவணையில் ஒவ்வொரு நிறுத்தத்திற்கும் ஐந்தே ஐந்து விவரங்கள் உள்ளன: ஐந்து இலக்கக் குறியீடு, சாலையின் பெயர், நிறுத்தத்தின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை. உங்கள் பக்கத்திற்கு இதற்கு மேல் ஏதும் வேண்டியதில்லை.

வரைபடத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுங்கள். சிங்கப்பூர் நில ஆணையத்தின் ஒன்மேப் அடிப்படை வரைபடத்தை, இணையப் பக்கத்தில் வரைபடம் காட்ட உதவும் லீஃப்லெட் நிரலகத்தில் நேரடியாக இணைக்கலாம். ஓரத்தில் அவர்கள் கேட்கும் உரிமைக் குறிப்பைச் சேர்க்க வேண்டும். நிறுத்தத் தரவையும் வரைபடத்தையும் ஒரே கடையில்தான் வாங்க வேண்டும் என்று எண்ணியதுதான் உங்களை அலையவிட்டிருக்கிறது.

நள்ளிரவுப் பேருந்து எழுதியது:

தன்னார்வலர்கள் வரைந்து பராமரிக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை யாரும் சொல்லவில்லையே என்று காத்திருந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதன் தரவுகளை ஓவர்பாஸ் ஏபிஐ மூலம் எந்தக் கீயும் இல்லாமல் கேட்டுப் பெறலாம். குறிப்பிட்ட புள்ளியைச் சுற்றி 400 மீட்டருக்குள் 'ஹைவே' என்ற குறிச்சொல்லுக்கு 'பஸ் ஸ்டாப்' என்ற மதிப்புள்ள நோடுகள் (புள்ளிகள்) எல்லாம் வேண்டும் என்று மூன்று வரியில் எழுதினால் முடிந்தது. ஓவர்பாஸ் டர்போ என்ற பக்கத்தில் அந்த மூன்று வரியை இட்டு ஓட்டினால், விடையை அங்கேயே வரைபடத்தில் பார்த்துவிட்டு ஜியோஜேசன் (இடத் தரவுக்கான பொதுவான உரை வடிவம்) கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

திசைமானி சொன்ன ஐந்து விவரங்களில் இல்லாத சில விஷயங்கள் இதில் உண்டு. நிறுத்தத்தில் கூரை இருக்கிறதா, அமர்வதற்கு இருக்கை இருக்கிறதா, சக்கர நாற்காலி ஏற வழி உண்டா என்பதற்கெல்லாம் தனித்தனிக் குறிச்சொற்கள் உள்ளன. தேக்கா வாசியின் கூட்டத்திற்கு வருபவர்கள் முதியவர்கள் என்கிறார். அவர்களுக்கு நிறுத்தத்தின் எண்ணைவிட இருக்கை முக்கியமாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பேருந்து நிறுத்தத்தைக் குறிக்கும் பழைய முறையோடு, 2011இல் ஏற்கப்பட்ட புதிய பொதுப் போக்குவரத்துக் குறிமுறையும் சேர்ந்தே புழங்குகிறது. புதிய முறையில் பயணி நிற்கும் இடம் ஒரு புள்ளியாகவும், சாலையில் பேருந்து வந்து நிற்கும் இடம் வேறொரு புள்ளியாகவும் குறிக்கப்படலாம். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஒரே நிறுத்தம் இரண்டாக வரும். பயணி நிற்கும் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

திசைமானி எழுதியது:

இருக்கை பற்றிய கருத்தை மறுக்க மாட்டேன். அது நல்ல கருத்து. எனினும் அந்தக் குறிச்சொல் இல்லாத நிறுத்தத்தில் இருக்கை இல்லை என்று பொருளன்று; யாரும் இன்னும் குறிக்கவில்லை என்பதே பொருள். பக்கத்தில் 'இருக்கை இல்லை' என்று எழுதிவிடாமல் இருந்தால் சரி.

என் வாதம் இதுதான்: பேருந்து நிறுத்தத்தின் அடையாளம் அதன் ஐந்து இலக்கக் குறியீடு. பலகையில் அச்சிட்டிருப்பது அதுவே, பேருந்து வருகை நேரத்தைக் கேட்கப் பயன்படுவதும் அதுவே, எந்தெந்தச் சேவைகள் அங்கே நிற்கும் என்ற வழித்தட அட்டவணை கோக்கப்பட்டிருப்பதும் அதைக் கொண்டுதான். தன்னார்வலர்கள் வரைந்த ஒரு புள்ளி பத்து மீட்டர் தள்ளியிருந்தால் குடி முழுகிப் போகாது. குறியீடு தவறாகவோ இல்லாமலோ இருந்தால் அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எனவே அடித்தளம் ஆணையத்தின் பட்டியலாக இருக்கட்டும். கூரை, இருக்கை போன்றவற்றை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து அதன் மேல் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்படிச் சேர்க்கும்போது உரிமங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஆணையத்தின் தரவுக்குப் பெயர் குறிப்பிடுவதே முக்கிய நிபந்தனை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012 முதல் ஓடிபிஎல் என்ற திறந்த தரவுத்தள உரிமத்தில் வருகிறது: இரண்டையும் தனித்தனி அடுக்குகளாகத் திரையில் காட்டினால் சிக்கலில்லை, இரண்டையும் கலந்து ஒரே தரவுத்தளமாக்கி வெளியிட்டால், கலந்த தரவுத்தளத்தையும் அதே உரிமத்தில் தர வேண்டிய கடமை வந்து சேரும்.

தேக்கா வாசி எழுதியது:

இத்தனை விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. டேட்டாமால் வழியைத் தேர்ந்தெடுத்தேன். கீ வந்துவிட்டது. ஆனால் இந்த மூன்று நாள்களில் மூன்று சிக்கல்களில் மாட்டிக்கொண்டேன்.

முதலாவதாக, பக்கத்திலிருந்து நேரடியாக ஏபிஐயை அழைத்தால் பிரவுசர் தடுத்துவிடுகிறது. அதே அழைப்பைக் கட்டளைத் திரையில் இட்டால் விடை ஒழுங்காக வருகிறது. அதை ஒரு கோப்பாகச் சேமித்து, அந்தக் கோப்பைப் பக்கத்தில் படிக்க வைத்து இதைத் தற்காலிகமாகக் கடந்தேன்.

இரண்டாவதாக, கோப்பிலிருந்து ஜியோஜேசன் தயாரித்து லீஃப்லெட்டில் கொடுத்தபோது பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, வரைபடமும் வந்தது, ஒரு நிறுத்தம்கூட அதில் இல்லை. ஓர் இரவு முழுவதும் இதோடு போராடிவிட்டு, ஜியோஜேசனை விட்டுவிட்டு ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனி மார்க்கராக (வரைபடக் குறியாக) இட்டேன். உடனே எல்லாம் தெரிந்தன. ஏன் என்று இன்னும் விளங்கவில்லை.

மூன்றாவதுதான் என்னைக் குழப்புகிறது. லிட்டில் இந்தியாவைச் சுற்றி எல்லா நிறுத்தங்களும் சரியாக இருக்கின்றன. அடுத்த மாதக் கூட்டம் உட்லண்ட்ஸில். அங்கே ஒரு நிறுத்தத்தைக்கூடப் பட்டியல் காட்டவில்லை. உட்லண்ட்ஸில் பேருந்தே ஓடாதது போல வெறிச்சோடிக் கிடக்கிறது.

பழைய நிரலர் எழுதியது:

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். கோப்பில் எத்தனை நிறுத்தங்கள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். மிகச் சரியாக 500 இருக்கும். டேட்டாமால் ஓர் அழைப்புக்கு 500 பதிவுகளைத்தான் தரும். அடுத்த 500 வேண்டுமென்றால் முகவரியின் முடிவில் 'ஸ்கிப்' (இத்தனை பதிவுகளைத் தாண்டு) என்ற அளபுருவுக்கு 500 என்றும், அதற்கடுத்து 1000 என்றும் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். அந்த அளபுருவின் பெயருக்கு முன்னால் டாலர் குறி உண்டு. கட்டளைத் திரையில் இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் அந்தக் குறியை ஷெல் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) விழுங்கிவிடும், ஒற்றை மேற்கோளைப் பயன்படுத்துங்கள். மொத்தம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுத்தங்கள் உள்ளன. பத்து பதினொரு அழைப்புகளில் முடிந்துவிடும். எண்ணிக்கையை நம்பி நிறுத்தாமல், 500க்குக் குறைவாகவோ வெறுமையாகவோ விடை வரும்போது நிறுத்துவதே பாதுகாப்பு.

குறியீட்டு வரிசையில் பதிவுகள் வருவதால் முதல் 500இல் நகர மையம் வந்துவிடுகிறது. 46, 47 என்று தொடங்கும் உட்லண்ட்ஸ் குறியீடுகள் மிகவும் பின்னால் இருக்கின்றன. மையத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவர்கள் எல்லோரும் விழும் குழி இது. நானும் விழுந்திருக்கிறேன்.

பிரவுசர் தடுப்பது நல்லதுக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேற்றுத் தளத்தின் பக்கத்திலிருந்து வரும் அழைப்புக்கு அந்தச் சர்வர் அனுமதிக் குறிப்பு அனுப்புவதில்லை. அனுப்பினாலும்கூட உங்கள் கீயைப் பக்கத்தின் நிரலில் எழுதி வைத்தால், பக்கத்தைத் திறக்கும் யார் வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொள்ளலாம். நிறுத்தங்களின் பட்டியல் நாள்தோறும் மாறும் ஒன்று அன்று. நீங்கள் தற்காலிகம் என்று சொல்லும் அந்தக் கோப்பு முறையையே நிரந்தரமாக்கிவிடுங்கள். 20 விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் பேருந்து வருகை நேரத்தையும் காட்ட விரும்பினால் மட்டும் இடையில் சிறிய ப்ராக்ஸி (உங்கள் கீயை மறைத்து வைத்து அழைப்பைக் கடத்தும் சர்வர்) தேவைப்படும்.

நள்ளிரவுப் பேருந்து எழுதியது:

இரண்டாவது சிக்கலுக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது எனக்கு மிகவும் பழக்கமான சிக்கல். லீஃப்லெட்டின் மார்க்கருக்கு அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பிறகு. ஜியோஜேசனில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. நீங்கள் இரண்டிலும் ஒரே வரிசையில் கொடுத்திருப்பீர்கள். சிங்கப்பூரின் அட்சரேகை ஏறத்தாழ 1.3, தீர்க்கரேகை ஏறத்தாழ 103.8. மாற்றிக் கொடுத்தால் அட்சரேகை 103.8 என்றாகிறது, துருவமே 90இல் முடிந்துவிடுகிறது. லீஃப்லெட் அதைத் தன் வரைபடத்தின் மேல் எல்லையான 85.05க்கு இழுத்து ஒட்டிவிடும். உலகம் முழுவதும் தெரியும்படி சுருக்கி, மேல் விளிம்பைப் பாருங்கள். உங்கள் நிறுத்தங்கள் எல்லாம் அங்கே ஈ மொய்த்தது போல நிற்கும்.

சென்னையில் உள்ள என் நண்பர் ஒருவர் இதே தவறைச் செய்தபோது, 13.08, 80.27 என்ற எண்கள் தலைகீழாகி, சென்னையின் நிறுத்தங்கள் எல்லாம் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் மிதந்தன. அவருக்காவது கண்ணில் பட்டது. உங்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

திசைமானி எழுதியது:

முழுப் பட்டியலையும் இறக்கிய பிறகு இன்னும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. அந்த அட்டவணையில் ஜொகூர் நிறுத்தங்களும் உண்டு; 170ஆம் எண் பேருந்து லார்க்கின் முனையம் வரை போவதால் அதுவும் பட்டியலில் இருக்கும். எல்லா நிறுத்தங்களும் தெரியும்படி வரைபடத்தைத் தானாகப் பொருத்தினால் ஜொகூர் பாருவும் சேர்ந்து வரும். அதைப் பிழை என்று எண்ணி நீக்க முயலாதீர்கள்.

டேட்டாமாலில் நிறுத்தங்களை ஷேப் கோப்பாகவும் (வரைபட மென்பொருள்களுக்கான வடிவம்) தருகிறார்கள். அதில் ஆயத்தொலைவுகள் எஸ்விஒய்21 என்ற உள்ளூர் முறையில், மீட்டரில், ஐந்து இலக்க எண்களாக இருக்கும். அதை எடுத்தால் இபிஎஸ்ஜி 3414 (அந்த முறையின் பட்டியல் எண்) என்பதிலிருந்து அட்சரேகை தீர்க்கரேகைக்கு மாற்றிய பிறகே லீஃப்லெட்டுக்குத் தர முடியும். உங்களுக்கு ஏபிஐ தரும் ஜேசன் (உரை வடிவத் தரவு) போதும்.

தூரக் கணக்கு இங்கே எளிது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் இரு திசைகளிலும் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். 400 மீட்டர் என்பது 0.0036 பாகை. முதலில் அந்த அளவு சதுரத்திற்குள் வடிகட்டிவிட்டு, எஞ்சியவற்றுக்கு மட்டும் துல்லியமான சூத்திரத்தைப் போடுங்கள். ஆனால் இது காக்கை பறக்கும் தூரம். நடுவில் விரைவுச்சாலையோ கால்வாயோ இருந்தால் 300 மீட்டரில் உள்ள நிறுத்தத்திலிருந்து நடப்பது 800 மீட்டராகிவிடும். கூட்டம் மாதத்திற்கு ஒன்றுதான். நடைவழி ஏபிஐயைத் தேடுவதைவிட, நீங்களே ஒருமுறை நடந்து பார்த்து இரண்டு நிறுத்தங்களைப் பரிந்துரைப்பது முதியவர்களுக்கு உதவும்.

எழுத்தெண்ணி எழுதியது:

இந்த இழையை அமைதியாக வாசித்துவந்தேன். தேக்கா வாசி கோப்பை விரிதாளில் திறந்தாரா என்று அறிய விரும்புகிறேன். பட்டியலின் முதல் நிறுத்தம் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ளது. அதன் குறியீடு 01012. விரிதாள் அதை எண் என்று கருதி முன்னால் உள்ள பூச்சியத்தை உதிர்த்து 1012 ஆக்கிவிடும். நிரலிலும் அதை எண்ணாக மாற்றினால் இதே கதிதான். புகிஸ், சைனாடவுன், லிட்டில் இந்தியா, ஆர்ச்சர்ட் என்று நகர மையத்து நிறுத்தங்கள் எல்லாம் பூச்சியத்தில் தொடங்குபவை. அவர் கூட்டங்கள் பெரும்பாலும் நடக்கும் இடங்களும் அவையே. குறியீட்டை எப்போதும் சரமாகவே (எண்ணாக அன்றி எழுத்துத் தொடராகவே) வைத்திருக்க வேண்டும்.

தேக்கா வாசி எழுதியது:

திறந்தேன் ஐயா. சேமிக்கவும் செய்தேன். நீங்கள் எழுதிய பிறகு போய்ப் பார்த்தால் ஏறக்குறைய முதல் பக்கம் முழுவதும் நான்கு இலக்கங்களாக நின்றது. கோப்பை நீக்கிவிட்டு மறுபடி இறக்கினேன். மேல் விளிம்பையும் பார்த்தேன், நள்ளிரவுப் பேருந்து சொன்னது சொன்னபடியே இருந்தது.

இப்போது உட்லண்ட்ஸ் உட்பட எல்லாம் சரியாக இருக்கின்றன. வழித்தட அட்டவணையையும் இதே போல 500 வீதம் இறக்கி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கும் பேருந்து எண்களைச் சேர்த்துவிட்டேன்.

மிச்சம் இருப்பது மொழி. எம்ஆர்டி நிலையங்களின் தமிழ்ப் பெயர்களை நிலையப் பலகைகளிலேயே காணலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் தமிழ்ப் பெயருக்குத் தனிக் குறிச்சொல் உண்டு. பேருந்து நிறுத்தங்களின் பெயர்களோ ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கங்களாக இருக்கின்றன. அவற்றைத் தமிழில் மாற்றிக் காட்டலாமா?

எழுத்தெண்ணி எழுதியது:

மாற்றலாம், ஆனால் மாற்றி வைக்காதீர்கள். கூடச் சேர்த்து வையுங்கள். பேருந்திலிருந்து எட்டிப் பார்க்கும் பாட்டியின் கண்ணில் படப்போவது பலகையில் உள்ள ஆங்கிலப் பெயரும் ஐந்து இலக்க எண்ணும்தான். நீங்கள் காட்டும் பெயர் பலகையோடு பொருந்தவில்லை என்றால் அவர் இறங்காமலேயே போய்விடுவார். எண்ணைப் பெரிய எழுத்தில் மேலே போடுங்கள், அதன் கீழே பலகையில் உள்ளபடியே பெயர், அதற்கும் கீழே தமிழ் விளக்கம்.

சுருக்கங்கள் எண்ணிக்கையில் குறைவு. 'ஓபிபி' என்றால் எதிரே, 'பெஃப்' என்றால் முன்பு, 'ஆஃப்ட்' என்றால் தாண்டி, 'பிஎல்கே' என்றால் புளோக், 'எஸ்டிஎன்' என்றால் நிலையம், 'ஐஎன்டி' என்றால் சந்திப்பு நிலையம். ஒரு சிறிய அகராதியை நிரலில் வைத்தால் பெரும்பாலானவற்றைத் தானாக விரித்துவிடலாம். ஒன்றைக் கவனியுங்கள்: ஆங்கிலத்தில் 'எதிரே' என்பது பெயருக்கு முன்னால் வரும், தமிழில் 'நிலையத்துக்கு எதிரே' என்று பின்னால் வர வேண்டும். சொல்லுக்குச் சொல் மாற்றினால் வாக்கியம் தலைகீழாக நிற்கும், நள்ளிரவுப் பேருந்தின் நண்பருடைய சென்னையைப் போல.

பழைய நிரலர் எழுதியது:

'எதிரே' என்பதைக் காட்டுவதில் இன்னொரு பயனும் உண்டு. சாலையின் இரு பக்கத்து நிறுத்தங்களுக்கும் பெரும்பாலும் முதல் நான்கு இலக்கங்கள் ஒன்றாகவே இருந்து, கடைசி இலக்கம் மட்டும் 1, 9 என்று மாறும். போகும் வழிக்கு ஒன்று, திரும்பும் வழிக்கு மற்றொன்று. கூட்டம் முடிந்து வீட்டுக்குத் திரும்புபவர்கள் இறங்கிய இடத்திலேயே போய் நின்று தவறான திசைப் பேருந்தில் ஏறிவிடாமல் இருக்க, 'வரும்போது இங்கே இறங்குங்கள்', 'திரும்பும்போது இங்கே ஏறுங்கள்' என்று இரண்டையும் தனித்தனி நிறத்தில் காட்டுங்கள். எந்த நிறுத்தம் எந்தத் திசை என்பதை இலக்கத்தை வைத்து ஊகிக்காதீர்கள்; வழித்தட அட்டவணையில் ஒவ்வொரு சேவைக்கும் திசையும் நிறுத்த வரிசை எண்ணும் தரப்பட்டுள்ளன.

தேக்கா வாசி எழுதியது:

செய்துவிட்டேன். பச்சையில் இறங்குவது, நீலத்தில் ஏறுவது. கோப்பை ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஒரு வாரம் முன்னதாக மறுபடி இறக்கி, பழையதோடு குறியீடுகளை ஒப்பிட்டு, புதிதாக வந்தவற்றையும் காணாமற்போனவற்றையும் எனக்கு மட்டும் ஒரு மின்னஞ்சலாக அனுப்பும்படி எழுதியிருக்கிறேன். உட்லண்ட்ஸ் சமூக மன்றத்தைச் சுற்றி நேற்று மாலை நடந்தும் பார்த்தேன். பட்டியலில் மிக அருகில் இருந்த நிறுத்தத்தை நீக்கிவிட்டு, கூரைநடைபாதை உள்ள இரண்டாவது நிறுத்தத்தை மேலே வைத்திருக்கிறேன்.